ரோமானிய நகரம் என்றால் சதுரங்கக் கட்டம்தானா?

தெருமுனை:
நண்பர்களே, வணக்கம். ரோமானியர் கட்டிய ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டால் எந்தப் புத்தகமும் ஒரே பதிலைத்தான் சொல்கிறது. வடக்கு தெற்காக ஒரு பெருந்தெரு, அதன் பெயர் கார்டோ. கிழக்கு மேற்காக இன்னொன்று, டெக்குமானுஸ். இரண்டும் கூடும் இடத்தில் ஃபோரம் என்ற பொதுச் சதுக்கம். மற்ற தெருக்கள் எல்லாம் இவற்றுக்கு இணையாக ஓடி ஊரைச் சமமான கட்டங்களாகப் பிரிக்கும்.

அல்ஜீரியாவில் உள்ள டிம்காட் நகரின் வரைபடத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் சொன்னது அப்படியே இருந்தது. அடுத்து, இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயியின் வரைபடத்தை எடுத்தேன், குழப்பம் ஆரம்பித்துவிட்டது. ஃபோரம் நடுவில் இல்லை, தென்மேற்கு ஓரத்தில் கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்கள் வளைந்து நெளிந்து போகின்றன. ரோம் நகரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புத்தகம் சொல்லும் ஊர் நிஜத்தில் எத்தனை இடங்களில் இருந்தது?

மண்மேடு:
நல்ல கேள்வி. நீங்கள் எடுத்த இரண்டு ஊர்களும் பிறந்த விதமே வேறு.

டிம்காட் கி.பி. 100இல் பேரரசர் டிராஜன் ஆணைப்படி, மூன்றாம் அகஸ்டா படையணியைக் கொண்டு கட்டப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்துவதற்கான ஊர். பக்கத்துக்குச் சுமார் 355 மீட்டர் கொண்ட ஏறத்தாழச் சதுரம். அதற்குள் ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர் பக்கமுள்ள சிறு கட்டங்கள். வெற்று நிலம், ஒரே ஆணை, கட்டுவது ராணுவம். கோடு நேராக வராமல் எங்கே போகும்?

பாம்பேயியில் ரோமானியர் வருவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊர் இருந்தது. ஓஸ்கன் என்ற பழைய இத்தாலிய மொழி பேசியவர்களின் ஊர் அது. ரோமானியத் தளபதி சுல்லா அதைத் தோற்கடித்து கி.மு. 80இல் தன் வீரர்களைக் குடியேற்றிய பிறகுதான் ரோமானியக் குடியேற்ற நகரமானது. நீங்கள் பார்த்த தென்மேற்கு மூலைதான் பழைய ஊர், ஃபோரம் அங்கே இருப்பதற்கும் அதுவே காரணம். ஊர் வடக்கிலும் கிழக்கிலும் விரிந்தபோதுதான் நேர்த்தெருக்கள் போடப்பட்டன. காலி மனையில் வீடு கட்டுபவருக்கும் பாட்டன் வீட்டோடு அறை சேர்ப்பவருக்கும் உள்ள வேறுபாடுதான்.

ரோம் ஏன் இப்படி இருக்கிறது என்று லிவி என்ற வரலாற்றாசிரியரே சொல்லியிருக்கிறார். வடக்கிலிருந்து படையெடுத்து வந்த கால்லியர் ஊரைக் கொளுத்திவிட்டுப் போன பிறகு அவரவர் கிடைத்த இடத்தில் அவசரமாகக் கட்டிக்கொண்டார்கள், தெருக்களை நேராக்க யாரும் அக்கறை காட்டவில்லை, அதனால்தான் பொது நிலத்தின் கீழே ஓடிய பழைய சாக்கடைகள் இப்போது தனியார் வீடுகளுக்கு அடியில் ஓடுகின்றன என்கிறார். கதை எவ்வளவு உண்மையோ, தலைநகரின் ஒழுங்கின்மை அவர்களுக்கே உறுத்தியிருக்கிறது.

சுண்ணாம்பு:
கட்டம் போட்ட தெருவுக்கான பாராட்டை ரோமானியருக்குக் கொடுப்பதே தவறு. கிரேக்கர்கள் அதை எப்போதோ செய்துவிட்டார்கள். மிலேட்டஸ் ஊரைச் சேர்ந்த ஹிப்போடாமஸ் பெயரில் அந்த முறையையே அழைக்கிறார்கள். நேப்பிள்ஸ் நகரின் பழைய தெருக்கட்டம் கிரேக்கக் குடியேற்றம் விட்டுச்சென்றது. போலோனா பக்கத்தில் மார்ட்சபோட்டோ என்ற ஊர், ரோமானியருக்கு முன்பே இத்தாலியில் செழித்த எத்ருஸ்கர்களுடையது, கி.மு. 500 வாக்கிலேயே செங்கோணத் தெருக்களோடு இருந்தது. ரோமானியர் இரவல் வாங்கினார்கள், பிறகு நிறைய நகல் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

வடகாற்று:
சுண்ணாம்பு சொல்வது சரிதான், ஆனால் நகல் எடுப்பதற்கும் ஒரு கருவியும் கைத்திறனும் வேண்டும். கிரோமா என்று ஒன்று உண்டு. ஒரு கம்பு, அதன் மேலே சிலுவை போல இரண்டு குறுக்குச் சட்டங்கள், நான்கு முனைகளிலும் தொங்கும் குண்டுநூல்கள். எதிரெதிர் நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நேர்கோடு, அடுத்த இணையில் பார்த்தால் செங்கோணம். காற்றடித்தால் நூல் ஆடும், அன்றைக்கு வேலை நடக்காது. பாம்பேயியில் ஒரு பட்டறையில் இதன் உலோகப் பாகங்கள் கிடைத்திருக்கின்றன.

நான் வட இத்தாலியில் இருப்பதால் அவோஸ்டா நகரைப் பற்றிச் சொல்கிறேன். ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களைக் காக்க கி.மு. 25இல் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் அமைத்தது. அங்கிருந்த சலாஸ்ஸி மக்களைத் தோற்கடித்துவிட்டு மூவாயிரம் வீரர்களைக் குடியேற்றினார்கள். மதில் 724 மீட்டருக்கு 572 மீட்டர், இன்றும் பெரும்பகுதி நிற்கிறது. இன்றைய கடைத்தெருவில் நடப்பவர்கள் பழைய டெக்குமானுஸ் மீதுதான் நடக்கிறார்கள். கிழக்கு வாயிலில் நடுவில் வண்டிகளுக்குப் பெரிய வளைவு, இருபுறமும் நடப்பவர்களுக்குச் சிறியவை. தெருமட்டம் இரண்டாயிரம் ஆண்டுகளில் அவ்வளவு உயர்ந்துவிட்டதால் வாயிலின் அடிப்பகுதியைப் பார்க்கப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஊருக்கு வெளியே நிலத்தையும் இப்படித்தான் அளந்தார்கள். போ ஆற்றுச் சமவெளியில் வயல்கள் இன்றும் சுமார் 710 மீட்டர் சதுரங்களாக விழுந்துகிடப்பதை விமானத்திலிருந்தே பார்க்கலாம். வாய்க்காலும் வண்டிப்பாதையும் அதே கோட்டில் போகின்றன.

தெருமுனை:
அப்படியென்றால் ராணுவ முகாமைப் பார்த்துத்தான் ஊரை அமைத்தார்கள் என்று சொல்வது சரியா? முகாமிலும் இரண்டு பெருந்தெருக்கள், நான்கு வாயில்கள் என்று படித்திருக்கிறேன்.

மண்மேடு:
இந்தச் சண்டை முடியாது. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானிய முகாமை விவரிக்கும்போது, தெருக்களின் அமைப்பால் அது ஒரு ஊரைப் போலத் தோன்றுகிறது என்கிறார். அவர் பார்வையில் முகாம்தான் ஊரைப் போல இருக்கிறது, ஊர் முகாமைப் போல இல்லை. டிம்காட் மாதிரி பட்டாளத்தார் கட்டிய ஊரில் முகாமின் சாயல் இருப்பது இயல்பு. அதை வைத்து எல்லா ஊரையும் பாளையம் ஆக்கிவிடக் கூடாது.

அந்த டிம்காட்டிலேயே பாடப்புத்தகம் இடறுகிறது. வடக்கு வாயிலிலிருந்து வரும் கார்டோ ஊரைக் கடந்து தெற்கே போவதில்லை. ஃபோரத்தில் முட்டி நின்றுவிடுகிறது. கிழக்கு மேற்குத் தெரு மட்டும்தான் ஊடாக ஓடுகிறது.

குழாய்க்காரர்:
எல்லோரும் மேலிருந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் குடிநீர் வடிகால் வேலையில் காலம் தள்ளியவன், எனக்கு ஊர் என்றால் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதுதான். பாம்பேயியில் என்னைக் கட்டிப்போட்டது கோயிலோ சுவரோவியமோ இல்லை, வெசுவியஸ் வாயிலை ஒட்டி நிற்கும் செங்கல் கட்டடம்.

ஊரின் மிக உயரமான இடம் அது. அகஸ்டஸ் காலத்தில் போட்ட ஒரு பெரிய நீர்வழி, நேப்பிள்ஸ் வளைகுடாவின் ஊர்களுக்கெல்லாம் மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தது. அதன் கிளை இந்தக் கட்டடத்துக்குள் வருகிறது. உள்ளே வட்டமான அறை, ஆழமில்லாத தொட்டி. தண்ணீரின் வேகத்தைக் குறைத்து மூன்று வழிகளாகப் பிரிக்கிறார்கள். வெளிச்சுவரின் அடியில் மூன்று துளைகள் இருக்கின்றன, ஈயக் குழாய்கள் புறப்பட்ட இடம்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். அந்த வாயிலுக்கும் தெற்கே உள்ள ஸ்டாபியா வாயிலுக்கும் இடையே முப்பது மீட்டருக்கு மேல் இறக்கம். அவ்வளவு உயரத்து நீரை நேரே கீழே விட்டால் மூன்று வளிமண்டல அழுத்தம். தகட்டை மடித்து ஈயத்தால் பற்றவைத்த குழாய் பொருத்தில் பிளந்துவிடும். அதற்கு அவர்கள் செய்த வழி, தெருமுனைகளில் சுமார் ஆறு மீட்டர் உயரத் தூண்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் ஈயத் தொட்டி. குழாய் மேலேறித் தொட்டியில் கொட்டும், அங்கே அழுத்தம் சுழியமாகும், மீண்டும் இறங்கும். அடுத்த குழாய்க்கு அந்த ஆறு மீட்டர் அழுத்தம் மட்டும்தான். இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட தூண்கள் ஊரில் நிற்கின்றன. குழாய் மேலேறிய பள்ளம் தூணின் பக்கவாட்டில் இன்றும் தெரிகிறது, தண்ணீர் வழிந்து படிந்த சுண்ணாம்பும் இருக்கிறது. பாடம் படித்த பொறியாளர் யாரும் இதைவிடச் சுருக்கமாகச் செய்ய முடியாது.

தூணுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பொதுத் தொட்டி. எரிமலைக் கல் பலகைகளை இரும்புக் கொக்கிகளால் பிணைத்த தொட்டி, ஒரு முகம் செதுக்கிய கல், அதன் வாயிலிருந்து தண்ணீர். இப்படி நாற்பது தொட்டிகள். பெரும்பாலான வீடுகளுக்கு எண்பது மீட்டருக்குள் ஒன்று இருந்தது. தொட்டியின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து குழிந்திருக்கும். குனிந்து குடிப்பவர்கள் கையை ஊன்றிய இடம்.

சுண்ணாம்பு:
அந்த மூன்று வழிகளைப் பற்றி ஒரு கட்டுக்கதை உண்டு, யாராவது சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்று பொதுத் தொட்டிகளுக்கு, ஒன்று குளியலகங்களுக்கு, ஒன்று பணம் கட்டும் வீடுகளுக்கு, பஞ்சம் வந்தால் பணக்காரர் வீட்டுக் குழாய் முதலில் அடைபடும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் தன் நூலில் இப்படி ஒரு பங்கீட்டுத் தொட்டியை விவரிக்கிறார், அதைப் பாம்பேயியில் ஒட்டவைத்துவிட்டார்கள். பாம்பேயியில் ஒரே குழாய் தொட்டிக்கும் வீட்டுக்கும் போகிறது. மூன்று குழாய்களும் ஊரின் மூன்று பகுதிகளுக்குப் போனவை என்று எடுத்துக்கொள்வதுதான் பொருந்தும்.

குழாய்க்காரர்:
ஒப்புகிறேன், நான் அந்தக் கதையைச் சொல்லவும் இல்லை. விட்ருவியஸ் எழுதியது எப்படி இருக்க வேண்டும் என்பதை. ஊரில் இருந்தது வேறு. அதே விட்ருவியஸ், ஈயக் குழாயைவிடச் சுடுமண் குழாய்தான் உடம்புக்கு நல்லது, ஈயத் தொழிலாளர்களின் வெளிறிய முகத்தைப் பாருங்கள் என்றும் எழுதினார். யார் கேட்டார்கள்?

இன்னொன்று. கி.பி. 62ஆம் ஆண்டு வாக்கில் வந்த நிலநடுக்கம் இந்த அமைப்பைச் சிதைத்துவிட்டது. 79இல் எரிமலை வெடித்தபோது நடைபாதையோரம் குழாய்ப் பள்ளங்கள் திறந்தே கிடந்தன. பழுதுபார்க்கும் வேலை முடியவில்லை. குழாய்ப் பள்ளத்தைத் தோண்டிவிட்டு மூடாமல் விடுவது எந்தக் காலத்திலும் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

தேனீ:
குழாய்க்காரர் ஐயா, உள்ளே வந்த தண்ணீரைச் சொன்னீர்கள், வெளியே போனதைச் சொல்லவில்லையே. நாற்பது தொட்டிகள் இரவும் பகலும் வழிந்தால் அந்த நீர் எங்கே போகும்?

குழாய்க்காரர்:
தெருவிலேயே போகும். பாம்பேயியில் ஃபோரத்தைச் சுற்றித்தான் நிலத்தடிச் சாக்கடை ஓரளவு இருந்தது. மற்ற இடங்களில் சாய்ந்து இறங்கும் தெருவே வடிகால். அதனால்தான் நடைபாதை அவ்வளவு உயரம். தெருவின் குறுக்கே படிக்கற்கள் போட்டிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மழைநீரும் அழுக்கும் ஓடும் தெருவைச் செருப்பு நனையாமல் கடக்க அவை. கற்களுக்கு இடையே சக்கரம் போகும் அளவுக்கு இடைவெளி, அந்த இடைவெளியில் வண்டித்தடம் கல்லில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வீட்டுக் கழிவுக்கு மலக்குழி, பெரும்பாலும் அடுப்பங்கரையை ஒட்டியே. முகம் சுளிக்க வேண்டாம், இரண்டுக்கும் தண்ணீர் தேவை என்று ஒரே இடத்தில் வைத்தார்கள்.

பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் அடுக்குமாடிக் கடைவீடுகளின் கீழே ஆள் நடந்துபோகும் அளவுக்கு ஒரு சாக்கடை இருக்கிறது. அதில் படிந்திருந்த கசடை மூட்டை மூட்டையாக அள்ளி, மீன்முள், விதை, முட்டையோடு என்று பிரித்து, அந்த வீடுகளில் என்ன சாப்பிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

வடகாற்று:
வண்டித்தடம் என்றதும் ஒரு சேர்க்கை. நடைபாதைக் கல்லின் ஓரத்திலும் படிக்கற்களின் பக்கங்களிலும் சக்கரம் உரசிய தேய்மானத்தை ஒவ்வொன்றாக அளந்து, எந்தத் தெரு ஒருவழி, எந்தத் தெருவில் இரு திசையும் போனார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அகலமான தெருக்களில் வலப்பக்கமாகப் போயிருக்கிறார்கள். ஃபோரத்துக்குள் வண்டியே நுழைய முடியாது. எல்லாப் பக்கமும் படியோ நட்ட கல்லோ தடுக்கிறது.

தேனீ:
நன்றி. என் பங்குக்குச் சட்டத்தைக் கொண்டுவருகிறேன், ஏனென்றால் இதுவரை கல்லும் குழாயும்தான் பேசியிருக்கிறோம்.

ஸ்பெயினின் தெற்கே ஓசூனா என்ற ஊர், பழைய பெயர் உர்ஸோ. கி.மு. 44 வாக்கில் சீசரின் திட்டப்படி குடியேற்ற நகரமானது. அந்த நகரத்தின் சாசனம் வெண்கலத் தகடுகளில் கிடைத்திருக்கிறது. படித்தால் நகராட்சி விதிமுறைப் புத்தகம் போலவே இருக்கிறது. ஊருக்குள் யாரும் ஒரு கட்டடத்தின் கூரையைப் பிரிக்கவோ இடிக்கவோ கூடாது, திரும்பக் கட்டுவதாக ஈடு கொடுத்தால் ஒழிய. நாளொன்றுக்கு முந்நூறு ஓடுகளுக்கு மேல் செய்யும் சூளையை ஊருக்குள் வைக்கக் கூடாது. பதினான்கு வயதுக்கு மேல் அறுபதுக்குள் உள்ள ஒவ்வொரு ஆணும் ஆண்டுக்கு ஐந்து நாள் வரை பொதுவேலை செய்ய வேண்டும், ஒவ்வொரு ஏர்மாட்டு இணையும் மூன்று நாள். ஊருக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது, மீறினால் ஐயாயிரம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) தண்டம். புதிய சுடுகாடு ஊரிலிருந்து ஐந்நூறு தப்படிக்குள் வரக் கூடாது.

ஊருக்குள் பிணம் கூடாது என்ற விதி ரோமின் மிகப் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் இருந்து வருவது. இதன் விளைவைத்தான் எந்த ரோமானிய ஊருக்குப் போனாலும் முதலில் பார்ப்பீர்கள். வாயிலுக்கு வெளியே சாலையின் இருபுறமும் கல்லறைகள். பாம்பேயியின் ஹெர்குலேனியம் வாயிலுக்கு வெளியே சில கல்லறைகளில் வழிப்போக்கர் உட்காரக் கல் இருக்கையே கட்டியிருக்கிறார்கள். பெயர் பொறித்த இருக்கை, உட்கார்பவர் படித்துவிட்டுத்தானே எழுந்திருப்பார்.

எல்லை எது என்பதற்கும் சடங்கு உண்டு. ஊரைத் தொடங்கும்போது வெண்கலக் கொழு மாட்டிய ஏரில் காளையை வெளிப்புறமும் பசுவை உட்புறமும் பூட்டி, சுற்றிலும் உழுதுவருவார்கள். மண் உள்ளே விழ வேண்டும். வாயில் வரும் இடங்களில் ஏரைத் தூக்கிக்கொள்வார்கள். நாணயங்களில் இந்தக் காட்சியைப் பொறித்திருக்கிறார்கள்.

சுண்ணாம்பு:
ஓட்டுச் சூளைக்கு விதி போட்டார்கள் சரி. கடைப்பிடித்தார்களா? பாம்பேயியில் ஊர் நடுவிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட அடுமனைகள், துணி வெளுக்கும் பட்டறைகள், அங்கே சிறுநீரைச் சேகரித்துப் பயன்படுத்தினார்கள். வெண்கலத்தில் எழுதுவது சுலபம்.

தேனீ:
எல்லா ஊருக்கும் ஒரே சாசனம் இல்லை, உர்ஸோவின் விதியைப் பாம்பேயியில் தேட வேண்டாம். அடுமனைக்கு அந்தச் சாசனத்திலேயே தடை இல்லை. தடை சூளைக்குத்தான், அதுவும் பெரிய சூளைக்கு. தீ, புகை, வண்டிப் போக்குவரத்து என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பொத்தாம் பொதுவாகத் தொழிலை விரட்டவில்லை என்பதுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது.

மிளகுக்கொடி:
தலைப்பைக் கொஞ்சம் நம் பக்கம் இழுக்கலாமா? மதுரையின் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி அமைப்பையும் இதையும் ஒப்பிட்டால்...

நெறியாளர்:
மதுரைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே எழுதுங்கள். இங்கே ரோமானிய ஊர்களோடு நேரடித் தொடர்பு இருந்தால் மட்டும் சேர்க்கலாம்.

மிளகுக்கொடி:
சரி, நேரடித் தொடர்பு ஒன்று. ரோமில் புனிதச் சாலையை ஒட்டி, பேரரசர் டொமிஷியன் மிளகுக் கிடங்கு ஒன்று கட்டினார். பெயரே மிளகுக் கிடங்கு. பிறகு அதன் மேல்தான் பேரரசர் மாக்சென்டியஸின் பெரிய மண்டபம் எழுந்தது. நகரத்தின் நடுநாயகமான இடத்தில் நம் மேற்குக் கடற்கரை மிளகுக்கு ஓர் அரசுக் கட்டடம். பாம்பேயியில் 1938இல் ஒரு வீட்டில் தந்தத்தால் ஆன இந்தியப் பெண் சிலையும் கிடைத்தது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தெருமுனை:
மிளகுக்கு நன்றி. நான் தொடங்கிய கேள்விக்கு வருகிறேன். கட்டம் எல்லா ஊரிலும் இல்லை, கிரேக்கரிடமும் இருந்தது என்றால், ஒரு ஊரை ரோமானிய ஊர் என்று எதை வைத்துச் சொல்வது?

மண்மேடு:
துனீசியாவின் துக்கா என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானியருக்கு முன்பே அங்கிருந்த நுமிடியர்களின் ஊர், மலைச்சரிவில் இருக்கிறது. தெருக்கள் ஆட்டுப்பாதை மாதிரி. ஒரு செங்கோணம் கிடைக்காது. ஆனால் ஃபோரம் இருக்கிறது, மூன்று தெய்வங்களுக்கான கேப்பிட்டல் கோயில் இருக்கிறது, 3,500 பேர் உட்காரும் அரங்கம், குளியலகங்கள் எல்லாம் இருக்கின்றன. யாரும் அதை ரோமானிய ஊர் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். இங்கிலாந்தின் சில்செஸ்டரில் குளியலகம் முதலில் வந்தது, தெருக்கட்டம் பிறகு வந்தது. புதுத்தெரு குளியலகத்தின் முன்தாழ்வாரத்தை வெட்டிக்கொண்டு போனது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றிய பயண எழுத்தாளர் பௌசானியாஸ், பானோபியஸ் என்ற சிற்றூரைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்கிறார்: அரசு அலுவலகம் இல்லை, உடற்பயிற்சிக் கூடம் இல்லை, அரங்கம் இல்லை, சந்தைச் சதுக்கம் இல்லை, தொட்டியில் வந்து விழும் தண்ணீர் இல்லை, இதை ஊர் என்று எப்படிச் சொல்வது? நேர்த்தெரு இல்லை என்று அவர் குறைசொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கேட்ட ஐந்தில் ஒன்று குழாய்க்காரருடைய துறை.

என் கருத்து இதுதான்: கட்டம் என்பது தொடங்கிய நாளின் அடையாளம். யார், எந்த நிலத்தில், யாருடைய ஆணையில் தொடங்கினார்கள் என்பதைச் சொல்லும். ஊர் எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்லாது.

அதற்கும் டிம்காட்டே சாட்சி. சில தலைமுறைகளில் ஊர் மதிலுக்குள் அடங்கவில்லை. மதில்களை எடுத்துவிட்டு வெளியே கட்டினார்கள். வெளிப்பகுதியில் கட்டத்தைத் தொடரவில்லை, தெருக்கள் ஊருக்கு வரும் சாலைகளைப் பின்பற்றிக் கோணலாகப் போகின்றன. கேப்பிட்டல் கோயில்கூடச் சதுரத்துக்கு வெளியே சாய்வாக நிற்கிறது. டிராஜன் வளைவு என்று எல்லாப் படத்திலும் வருகிறதே, மூன்று வழிகள் கொண்டது, அது பழைய மேற்கு வாயில் இருந்த இடத்தில் பின்னாளில் எழுந்தது. வளைவைத் தாண்டினால் ஸெர்டியுஸ் என்ற செல்வந்தர் மனைவியோடு சேர்ந்து ஊருக்குக் கட்டிக்கொடுத்த சந்தை. அதன் அரைவட்ட முற்றத்தைச் சுற்றிக் கடைகள், ஒவ்வொரு கடையின் முன்னும் இரு சுவர்களிலும் பொருத்திய முழுக் கல்பலகை. வாசலே இல்லை. கடைக்காரர் அந்தப் பலகைக்கு அடியில் குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். அதே ஸெர்டியுஸின் வீடு தென்மேற்கு மூலையில் இருக்கிறது. எங்கே? பழைய மதில் நின்ற வரிசையின் மேலேயே. உள்ளே குடியிருப்பவர்களுக்கு இருபது மீட்டர்க் கட்டம், செல்வாக்குள்ளவருக்கு மதிலையே விழுங்கிய மாளிகை.

நூலகமும் அப்படித்தான். ரோகாட்டியானுஸ் என்பவர் விட்டுச்சென்ற 4,00,000 செஸ்டர்ஸில் எழுந்தது. அரசு கோடு போட்டுக் கொடுத்தது, மீதியை உள்ளூர்ப் பணக்காரர்கள் பெயர் பொறித்துக் கட்டினார்கள்.

சுண்ணாம்பு:
ஃபோரத்தின் தளக்கல்லில் யாரோ கீறிவைத்ததை விட்டுவிட்டீர்களே. வேட்டையாடுவது, குளிப்பது, விளையாடுவது, சிரிப்பது, இதுதான் வாழ்க்கை. ஓய்வூதியம் வாங்கும் பட்டாளத்துக்காரரின் பேச்சு. டிம்காட்டில் தோண்டிய குளியலகங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டாவது சொல்லை மட்டும் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்று தெரிகிறது.

தெருமுனை:
இந்தப் பணக்காரர் கதை எல்லாம் சரி, வாடகைக்குக் குடியிருந்தவர்கள் எங்கே இருந்தார்கள்? வரைபடத்தில் அவர்கள் தெரிவதே இல்லை.

தேனீ:
மாடியில் இருந்தார்கள், மாடிகள்தான் முதலில் இடிந்தவை. பாம்பேயியில் வாடகை விளம்பரம் சுவரில் எழுதியிருந்தது. ஜூலியா ஃபெலிக்ஸ் என்ற பெண் தன் வளாகத்தில் குளியலகம், கடைகள், மாடி அறைகள் எல்லாவற்றையும் ஆகஸ்ட் 13 முதல் ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு விடுவதாக அறிவிக்கிறார். கடைக்கு மேலே பரண், அதில் குடும்பம் என்பது சாதாரணம். சமைக்க வசதி இல்லை. தெருவெங்கும் ஜாடி பதித்த கல்மேடைகளோடு உணவுக்கடைகள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரோமில் அடுக்குமாடிகள் இடிந்தும் எரிந்தும் விழுந்ததால் அகஸ்டஸ் உயரத்துக்கு 70 ரோமன் அடி என்று வரம்பு வைத்தார், சுமார் 21 மீட்டர். டிராஜன் 60 ஆகக் குறைத்தார்.

வடகாற்று:
அந்த மாடிவீடுகளைக் கண்ணால் பார்க்க ஒஸ்தியா போக வேண்டும். பெரும்பாலானவர்கள் பாம்பேயிக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ரோமிலிருந்து புறநகர் ரயிலில் அரை மணி நேரம்தான். மண்மேடு சொன்ன கதையே அங்கும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆற்று முகத்துவாரத்தைக் காக்கக் கட்டிய ஒரு சிறு செவ்வகக் கோட்டைதான் தொடக்கம். நடுவில் மட்டும் அது தெரியும், அதற்கு வெளியே தெருக்கள் பழைய பாதைகளைப் பின்பற்றி விரிகின்றன. நான்கைந்து மாடி செங்கல் வீடுகள், கீழே கடை, தெருவிலிருந்து நேரே மேலேறும் படிக்கட்டு. தீயணைப்புப் படையின் பாசறை, வரிசையாக இருக்கை கொண்ட பொதுக் கழிப்பறை, அரங்கத்துக்குப் பின்னால் கப்பல் வணிகர்களின் அலுவலகச் சதுக்கம். ஒவ்வொரு அறை முன்னும் மொசைக்கில் தொழில் அடையாளம். லிபியாவின் ஸப்ரதா வணிகர்கள் யானையைப் போட்டிருக்கிறார்கள்.

தெருமுனை:
அடுத்த ஆண்டு விடுப்பில் இத்தாலி போவதாக இருக்கிறேன். ஒஸ்தியாவைச் சேர்த்துக்கொள்கிறேன். பாம்பேயியில் ஒரு நாள்தான் கிடைக்கும், எங்கே தொடங்கலாம்?

சுண்ணாம்பு:
ஃபோரத்தைத் தவிர எங்கே வேண்டுமானாலும். எல்லாக் கூட்டமும் அங்கேதான்.

குழாய்க்காரர்:
வெசுவியஸ் வாயிலில் தொடங்குங்கள். பங்கீட்டுக் கட்டடம் சில நாள் பூட்டியிருக்கும், வெளிச்சுவரின் மூன்று துளைகளைப் பார்த்தால் போதும். அங்கிருந்து ஸ்டாபியா தெருவில் தெற்கே இறங்குங்கள். தண்ணீர் போன வழியிலேயே போவீர்கள், எல்லாம் இறக்கம், முழங்காலுக்கும் நல்லது. தூண்களும் தொட்டிகளும் வழியிலேயே வரும். அபொந்தான்ட்ஸா தெருவோடு சேரும் முனையில் ஒரு தூண் நிற்கிறது, அதில் குழாய்ப் பள்ளத்தைத் தேடிப் பாருங்கள். ஸ்டாபியா குளியலகமும் அந்த முனையில்தான். படிக்கற்களின் பக்கங்களில் வடகாற்று சொன்ன உரசலையும் பார்த்துக்கொண்டே போகலாம். நல்ல பிடிமானமுள்ள செருப்பு போடுங்கள், அந்தக் கல் மழையில் வழுக்கும். குடிக்கத் தண்ணீர்ப் பாட்டில் சுமக்க வேண்டாம், பழைய தொட்டிகள் சிலவற்றில் இன்றைய குழாய் வைத்து நீர் விடுகிறார்கள், நிரப்பிக்கொள்ளலாம்.

தேனீ:
பிற்பகலில் ஹெர்குலேனியம் வாயிலுக்கு வெளியே கல்லறைச் சாலைக்குப் போங்கள். கூட்டம் இருக்காது, இருக்கையும் இருக்கிறது.